முடியாத மாளிகை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. இவ்விரண்டும் ஒருவருடைய பொருளையும் பொறுமையையும் ஒருங்கே சோதிப்பவை என்பது அதன் கருத்து. பெருஞ்செல்வரும் வீடு கட்டத் தொடங்கி இடர்ப்பட்டதுண்டு. கட்டிய வீட்டில் ஒரு நாளேனும் வாழப் பெறாமல் மறைந்தவரும் உண்டு. அத்தகைய ஒருவருடைய வரலாற்றை மலேசியாவில் உள்ள ஒரு செங்கல் மாளிகை இன்றும் காண்பார்க்கு உணர்த்தி நிற்கின்றது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பத்து காஜா, கோப்பெங் என்னும் இரண்டு ஊர்களையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஒன்று உண்டு. அச்சாலையின் அருகே ஒரு சிற்றாறு ஓடுகின்றது. ஆற்றின் அக்கரையில், பசும்புல் போர்த்த மேட்டின்மேல், நாற்கோணக் கோபுரம் ஒன்று ஓங்கி நிற்க, வளைவுகள் வரிசை வரிசையாக அணி செய்ய, ஒரு மாளிகை தோன்றும். அதற்குக் கெல்லி மாளிகை என்பது பெயர். அதனைக் கட்டுவித்தவர் ஸ்காட்லாந்து நாட்டவர். கட்டிய கைகளோ பெரும்பாலும் தமிழர்களுடைய கைகள். ஆதலின் அம்மாளிகையின் வரலாறு தமிழ் மக்களும் அறிதற்கு உரியது.

இளமை

அம்மாளிகையை எழுப்பியவர் வில்லியம் கெல்லி ஸ்மித் என்பவர். அவர் 1870ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள மொரே என்னும் பகுதியில் பிறந்தார். கெல்லாஸ் என்னும் சிற்றூர்ப்புறத்தில் இருந்த பண்ணையே அவர் வளர்ந்த இடம். கெல்லி என்பது அவருடைய தாய் பிறந்த குடியின் பெயர் என்பர். ஸ்மித் என்னும் பெயர் உடையோர் அந்நாட்டில் எண்ணிறந்தவர். தாய்வழிப் பெயரையும் சேர்த்து வழங்கியதால் அவர் தனித்து அறியப்பட்டார்.

மொரே குளிர் மிகுந்த நிலம். அங்கே உழவர் வாழ்வு கடினமானது. மாரிக்காலத்தில் பகற்பொழுது குறுகும். பனி நிலத்தை மூடும். அக்காலத்தில் அந்நாட்டு இளைஞர் பலர் தம் ஊரில் இடமும் தொழிலும் போதாமையால் கடல் கடந்து சென்றனர். சிலர் கனடாவுக்கும், சிலர் இலங்கைக்கும், சிலர் மலாய் நாட்டுக்கும் சென்று பொருள் தேடினர். கட்டடத் தொழிலும் நில அளவையும் சார்ந்த பொறியியலில் பயிற்சி பெற்றிருந்த ஸ்மித்தும் 1890ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், மலாய் நாட்டை அடைந்தார். அவர் கையில் பெருஞ்செல்வம் இல்லை. தொழில் அறிவும் துணிவுமே அவருக்கு முதலாக இருந்தன.

பேராக் நாடு

பேராக் என்னும் மலாய்ச் சொல்லுக்கு வெள்ளி என்பது பொருள். ஆயினும் அந்நாட்டுக்கு வளம் தந்தது வெள்ளி அன்று, வெள்ளீயமே ஆகும். பேராக்கின் நடுவே கிந்தா என்னும் ஆறு பாயும் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. சுண்ணாம்புக்கல் குன்றுகள் செங்குத்தாக நிற்கும் அப்பள்ளத்தாக்கின் மணலிலும் சேற்றிலும் வெள்ளீயக் கனிமம் கலந்து கிடந்தது. உணவுப் பொருள்களை அடைத்துக் காக்கும் தகரப் பெட்டிகளுக்கு வெள்ளீயப் பூச்சு தேவைப்பட்டமையால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதற்கு ஆண்டுதோறும் தேவை பெருகியது. சீன நாட்டிலிருந்து பல்லாயிரவர் வந்து கிந்தாவின் மண்ணைத் தோண்டி அரித்தனர்.

1874ஆம் ஆண்டில் பாங்கோர் உடன்படிக்கை ஏற்பட்ட பின்னர்ப் பேராக் ஆங்கிலேயரின் மேற்பார்வைக்கு உட்பட்டது. அரசு புதிய சாலைகளை அமைக்க விரும்பியது. காடுகளைத் திருத்த விரும்பியது. நிலத்தை அளந்து எல்லை குறிக்க விரும்பியது. இவ்வேலைகளை எல்லாம் அரசு தானே செய்யவில்லை. ஒப்பந்தக்காரர்களிடம் ஒப்படைத்து, செய்த வேலைக்கு ஏற்பப் பொருள் கொடுத்தது. ஒப்பந்தக்காரர் ஆட்களைச் சேர்த்து, கருவிகளை வாங்கி, குறித்த காலத்தில் வேலையை முடித்துத் தருவர். காலம் தவறினால் இழப்பு அவர்களைச் சாரும். செட்டாக முடித்தால் ஊதியம் மிகும்.

ஒப்பந்தத் தொழில்

கிந்தாப் பகுதியில் அக்காலத்துப் பெயர் பெற்ற ஒப்பந்தக்காரர் சார்லஸ் அல்மா பேக்கர் என்பவர். அவர் நியூசிலாந்தில் பிறந்தவர். நில அளவையில் வல்லவர். ஸ்மித் அவருடன் சேர்ந்து பணியாற்றத் தொடங்கினார். பத்து காஜாவைச் சூழ்ந்த பகுதியில் ஏறக்குறைய 9,000 ஹெக்டேர் காட்டைத் திருத்தும் உரிமை பேக்கருக்குக் கிடைத்திருந்தது என்பர். பத்து என்றால் மலாய் மொழியில் கல். காஜா என்றால் யானை. கசம் என்று நம் நூல்களில் பயிலும் வடசொல்லே அங்கு அவ்வாறு வழங்குகின்றது. யானைகள் உலவிய அப்பெருங்காடு கோடரிக்கும் தீக்கும் இரையாயிற்று.

காட்டைத் திருத்துவது எளிய செயல் அன்று. விண்ணை மறைக்கும் மரங்கள், கால் வைத்தால் பற்றும் அட்டைகள், ஓயாத மழை, கொசுவினால் வரும் முறைக்காய்ச்சல் ஆகியவற்றின் நடுவே வேலை நடைபெற்றது. அக்காய்ச்சலால் மாண்ட தொழிலாளர் பலர். ஸ்மித் நிழலில் அமர்ந்து கணக்கு மட்டும் பார்க்கும் நிலையில் இல்லை. வேலை நடக்கும் இடத்திலேயே இருந்து மேற்பார்த்தார். மண்ணின் இயல்பையும் மக்களின் இயல்பையும் ஒருங்கே கற்றார். அத்தொழில் அவருக்கு மிகுந்த ஊதியத்தைத் தந்தது.

ஈட்டிய பொருளைச் செலவழித்துத் தாய்நாடு திரும்பலாம் என்று அவர் எண்ணவில்லை. கிந்தா வட்டத்தில் ஏறக்குறைய 1,000 ஏக்கர் காட்டு நிலத்தை விலைக்கு வாங்கினார். பிறருக்காகக் காடு திருத்தியவர் இப்போது தமக்காகத் திருத்தினார். தாம் வளர்ந்த பண்ணையின் நினைவாக அந்நிலத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார். பொருள் தேடி வந்த ஊரில் பிறந்த ஊரின் பெயரை நட்டது அவர் உள்ளத்தின் ஏக்கத்தைக் காட்டுகின்றது.

ரப்பரும் வெள்ளீயமும்

அந்நிலத்தில் ஸ்மித் ரப்பர் மரங்களை நட்டார். ரப்பர் மரம் மலாய் நாட்டுக்கு உரியதன்று. பிரேசில் நாட்டுக் காடுகளில் இயற்கையாக வளர்வது அது. 1876ஆம் ஆண்டில் அதன் விதைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கு முளைத்த நாற்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் பின்னர் அனுப்பப்பட்டன. பேராக்கில் உள்ள கோலக்கங்சார் என்னும் ஊரிலும் சில கன்றுகள் நடப்பட்டன. மோட்டார் வண்டிகள் பெருகியபோது அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் தேவையாயிற்று. 1910ஆம் ஆண்டில் அதன் விலை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்தது. முன்னரே நட்டு வைத்தவர் பலர் பெருஞ்செல்வர் ஆயினர். ஸ்மித்தும் அவ்வாறே செல்வர் ஆனார். அவர் வெள்ளீயத் தொழிலிலும் ஈடுபட்டார். வெள்ளீயம் அகழும் நிறுவனம் ஒன்றும் கிந்தா கெல்லாஸ் என்னும் பெயரைத் தாங்கி எழுந்தது.

ரப்பர்த் தோட்டங்களின் வேலைக்கு ஆட்கள் மிகுதியாக வேண்டியிருந்தனர். அவ்வாட்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தனர். மழை பொய்த்தமையாலும், கடன் சுமையாலும், சாதிக் கொடுமையாலும் வருந்திய உழவர் குடும்பங்கள் கங்காணிகளின் சொல்லை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறின. பினாங்குத் துறைமுகத்தை அடைந்ததும், நோய்த் தடுப்புக்காக அருகில் உள்ள தீவு ஒன்றில் அவர்களைத் தங்க வைப்பதுண்டு. அதன் பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே லயம் எனப்படும் வரிசை வீடுகளில் அவர்கள் குடியிருந்தனர். விடியலுக்கு முன் எழுந்து வரிசையில் நின்று பெயர் கொடுத்து, மரத்துக்கு மரம் சென்று பால் வெட்டினர். கிடைத்த கூலி சிறிது. பட்ட துன்பம் பெரிது. மலாய் நாட்டின் சாலைகளும் இருப்புப் பாதைகளும் தோட்டங்களும் அவர்களுடைய உழைப்பில் உருவானவை. கெல்லாஸ் தோட்டத்தின் செல்வமும் அவ்வுழைப்பில் விளைந்ததே ஆகும்.

இல்லறமும் முதல் வீடும்

செல்வம் வளர்ந்த காலத்தில் ஸ்மித் தாய்நாடு சென்று ஆக்னஸ் என்னும் மங்கையை மணந்தார். 1903ஆம் ஆண்டில் அவரை மலாய் நாட்டுக்கு அழைத்து வந்தார். அடுத்த ஆண்டில் ஹெலன் என்னும் பெண் குழந்தை பிறந்தது. மனைவியும் மகளும் தங்குவதற்கு ஏற்ற வீடு வேண்டும் என்று கருதி, 1910ஆம் ஆண்டை ஒட்டி, சிற்றாற்றின் கரையில் இருந்த மேட்டின்மேல் ஒரு வீட்டைக் கட்டினார். அதற்கும் கெல்லாஸ் இல்லம் என்றே பெயர் வைத்தார். வெப்பம் மிகுந்த நாட்டுக்குப் பொருந்துமாறு அகன்ற தாழ்வாரங்களும் வளைவுகளும் அமைந்த வீடு அது. இன்று அதன் பெரும்பகுதி சிதைந்துவிட்டது. சில சுவர்களும் வளைவுகளுமே மாளிகையின் பின்புறத்தில் எஞ்சி நிற்கின்றன.

அண்டை அயலில் வாழ்ந்த ஐரோப்பியர் வியந்து போற்றும்படி அவ்வீடு விளங்கியது. ஆயினும் ஸ்மித்தின் உள்ளம் அமைதி அடையவில்லை. 1915ஆம் ஆண்டில் அந்தோனி என்னும் ஆண் மகவு பிறந்தது. குடிக்கு ஒரு வழித்தோன்றல் கிடைத்தமையால் அவர் மகிழ்ச்சி எல்லை கடந்தது. தம் பெயரும் தம் மகன் பெயரும் நெடுங்காலம் நிலைக்குமாறு, அந்நாட்டில் எவரும் கண்டிராத மாளிகை ஒன்றை எழுப்ப வேண்டும் என்று அவர் உறுதி கொண்டார். பழைய வீட்டின் முன்புறத்திலேயே புதிய மாளிகைக்கு அடிப்படை இடப்பட்டது.

மாளிகையின் அமைப்பு

கெல்லி மாளிகையின் அமைப்பில் பல நாடுகளின் கலைகள் கலந்துள்ளன. கோபுரமும் கனத்த சுவர்களும் ஸ்காட்லாந்தின் பழைய கோட்டைகளை நினைவூட்டுகின்றன. குதிரை இலாட வடிவான வளைவுகள் ஸ்பெயின் நாட்டிலும் வட ஆப்பிரிக்காவிலும் மூர் இனத்தார் எழுப்பிய கட்டடங்களை ஒத்துள்ளன. இந்தியாவில் அக்காலத்தில் பெருவழக்காக இருந்த இந்திய இசுலாமியக் கலப்பு முறையும் அதில் காணப்படுகின்றது. சென்னையில் 1892ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற உயர்நீதிமன்றக் கட்டடம் அம்முறையில் அமைந்ததே. கோலாலம்பூரில் 1897ஆம் ஆண்டில் நிறைவெய்திய அரசு அலுவலகக் கட்டடமும் அம்முறையைச் சார்ந்தது.

இவ்வாறு பல முறைகள் கலந்த கட்டடத்தை எழுப்பக் கைத்திறம் மிக்க தொழிலாளர் வேண்டும். வளைவு கட்டுவது கொத்தர் தொழிலில் நுட்பம் மிகுந்த பகுதி. முதலில் மரத்தால் சாரம் அமைத்து, அதன்மேல் செங்கற்களை இருபுறமும் ஒரே அளவாக அடுக்கி, உச்சியில் நடுக்கல்லை இறுக்கிப் பொருத்த வேண்டும். சுண்ணச்சாந்து இறுகும் வரையில் சாரத்தைப் பிரித்தல் கூடாது. ஒரு கல் பிசகினும் வளைவு நில்லாது. இக்கலையை வழிவழியாகக் கற்றிருந்த கொத்தர் எழுபது பேரை ஸ்மித் சென்னை மாகாணத்திலிருந்து வரவழைத்தார் என்று கூறுவர். செங்கல்லும் பளிங்குக் கல்லும் இந்தியாவிலிருந்து கப்பல்களில் வந்தன என்றும் வழக்கு உண்டு.

மாளிகையின் அறைகள் பல. இல்லத் தலைவருக்கும் குழந்தைகளுக்கும் விருந்தினர்க்கும் தனித்தனி அறைகள் வகுக்கப்பட்டன. நிலத்துக்கு அடியில் மதுவகைகள் வைக்கும் குளிர்ந்த அறை ஒன்று அமைந்தது. மாடியின் மேல்தளம் விருந்துகள் நடத்தற்கு ஏற்ற திறந்த முற்றமாக விடப்பட்டது. மாளிகைக்கு உள்ளேயே டென்னிஸ் ஆடுவதற்கு இடம் வகுக்கவும் எண்ணம் இருந்தது. கோபுரத்தின் உள்ளே ஆட்களை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் மின்தூக்கி ஒன்றை அமைப்பதற்காகக் கிணறு போன்ற செங்குத்தான வழி விடப்பட்டது. அது நிறைவேறியிருந்தால் மலாய் நாட்டின் முதல் மின்தூக்கியாக அது இருந்திருக்கும் என்பர். சன்னல்களும் வாயில்களும் வளைந்த வடிவில் வரிசையாக அமைந்து, காற்றும் ஒளியும் தடையின்றிப் புகுமாறு வழி செய்தன.

கொள்ளை நோய்

மாளிகை வேலை தொடங்கிய காலத்தில் ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அதனால் பொருள்களைக் கப்பலில் கொண்டுவருவது அரிதாயிற்று. போர் முடியும் தறுவாயில், 1918ஆம் ஆண்டில், ஸ்பானிய விஷக்காய்ச்சல் என்னும் கொள்ளை நோய் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு இரையாயினர். மலாய் நாட்டுத் தோட்டங்களையும் அது தப்பவிடவில்லை. நெருக்கமாக வாழ்ந்த லயங்களில் நோய் விரைந்து பரவியது. காலையில் வேலைக்கு வந்தவர் மாலையில் படுக்கையில் வீழ்ந்தனர். கெல்லாஸ் தோட்டத்திலும் தொழிலாளர் பலர் மாண்டனர். மாளிகையின் சாரங்களில் ஏறி நின்ற கொத்தர் கூட்டமும் குறைந்தது. வேலை தடைப்பட்டது.

நோய்க்கு மருந்து அறியப்படாத காலம் அது. தாய்நாட்டை விட்டு வந்த அத்தொழிலாளர்க்கு மருத்துவ உதவி சிறிது. உற்றார் துணை அதனினும் சிறிது. துன்பம் வந்தபோது அவர்கள் தம் ஊர் எல்லையில் நின்று காக்கும் மாரியம்மனை நினைந்தனர். அம்மை நோய் வந்தாலும், மழை பொய்த்தாலும், பெயர் தெரியாத நோய் வந்தாலும் அன்னையிடம் முறையிடுவது தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்களின் வழக்கம். கடல் கடந்த நாட்டில் அவ்வன்னைக்கு ஓர் இடம் இல்லாமையே தம் துன்பத்துக்குக் காரணம் என்று அவர்கள் கருதினர். ஆகவே அவர்கள் ஸ்மித்திடம் சென்று, மாளிகை வேலை தொடர வேண்டுமானால் முதலில் அம்மனுக்கு ஒரு கோயில் எழுப்ப இசைய வேண்டும் என்று வேண்டினர்.

கோயில் எழுந்தது

தோட்ட முதலாளிக்கும் கூலித் தொழிலாளிக்கும் இடையே பெருஞ்சுவர் நின்ற காலம் அது. துரையின் முன்னே தொழிலாளி நிமிர்ந்து பேசவும் அஞ்சினான். அவ்வேண்டுகோளை மூடநம்பிக்கை என்று ஸ்மித் தள்ளியிருக்கலாம். தம் மாளிகைக்கு வைத்த பொருளையும் ஆளையும் வேறொன்றுக்குச் செலவிடுவது வீண் என்றும் எண்ணியிருக்கலாம். அவர் அவ்வாறு எண்ணவில்லை. வேலை மீண்டும் நடைபெற வேண்டும் என்னும் நோக்கமும் அவருக்கு இருந்திருக்கும். ஆயினும் தொழிலாளரின் அச்சத்தையும் துயரையும் மதித்தே அவர் இசைந்தார். மாளிகையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் மாரியம்மன் கோயில் எழுந்தது. மாளிகையில் வளைவு கட்டிய கைகள் அங்கே அன்னைக்குக் கருவறை கட்டின.

தொழிலாளர் அவ்வுதவியை மறக்கவில்லை. கோயிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களின் வரிசையில் ஐரோப்பிய உடை அணிந்த ஓர் உருவத்தையும் அமைத்தனர். அது ஸ்மித்தின் உருவம் என்பது அங்குள்ளோர் வழிவழியாகக் கூறும் செய்தி. செய்ந்நன்றி மறவாமை தமிழ்ப் பண்பு. எழுத்தறிவு குறைந்த அவ்வெளிய மக்கள் தம் நன்றியை ஏட்டில் எழுதி வைக்கும் வாய்ப்புப் பெறவில்லை; சுண்ணத்தாலும் சுதையாலும் எழுதி வைத்தனர்.

இறுதிக் காலம்

போர் முடிந்த பின்னர் ரப்பரின் விலை வீழ்ச்சியுற்றது. 1920ஆம் ஆண்டுக்குப் பின் சில ஆண்டுகள் தோட்ட முதலாளிகள் பலர் இடர்ப்பட்டனர். கெல்லி மாளிகையும் விரைந்து வளரவில்லை. சுவர்கள் உயர்ந்தன, கோபுரம் நின்றது, ஆயினும் பல அறைகளுக்குத் தரையும் கதவும் பூச்சும் எஞ்சியிருந்தன. ஸ்மித் மனம் தளராமல் வேலையைத் தொடர்ந்தார்.

1926ஆம் ஆண்டில் அவர் ஐரோப்பாவுக்குப் பயணம் சென்றார். மாளிகைக்கு வேண்டிய மின்தூக்கியை வாங்கும் எண்ணமும் அப்பயணத்தில் இருந்தது என்று கூறுவர். போர்ச்சுகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் தங்கியிருந்தபோது அவருக்கு நுரையீரல் அழற்சி கண்டது. மலாய்க் காட்டின் முறைக்காய்ச்சலுக்கும் கொள்ளை நோய்க்கும் தப்பியவர் அந்நோய்க்குத் தப்பவில்லை. தம் 56ஆம் வயதில் அந்நகரிலேயே உயிர் நீத்தார். பிறந்த கெல்லாசும் அன்று, தாம் படைத்த கெல்லாசும் அன்று; இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரே அவருடைய இறுதி இடமாயிற்று.

கணவரை இழந்த ஆக்னஸ் அம்மையார் மலாய் நாட்டில் மீண்டும் வாழ விரும்பவில்லை. தோட்டமும் மாளிகையும் ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு என்னும் ஆங்கில வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. யாருடைய பெயர் நிலைக்க வேண்டும் என்று அம்மாளிகை தொடங்கப்பட்டதோ, அம்மகன் அதில் குடியேறவே இல்லை. விருந்து நடத்த வகுத்த மேல்தளத்தில் மழைநீர் தேங்கியது. மின்தூக்கிக்கு விட்ட வழி வெறுமையாக நின்றது.

காடும் மீட்பும்

காட்டை வென்று எழுந்த மாளிகையைக் காடே மீண்டும் வளைத்துக்கொண்டது. செங்கல் இடுக்குகளில் ஆலும் அரசும் போன்ற மரங்கள் வேரூன்றின. கொடிகள் கோபுரத்தின்மேல் படர்ந்தன. வௌவால்கள் அறைகளில் குடிபுகுந்தன. ஆளில்லா மாளிகையைப் பற்றி மக்கள் பலவாறு கதை கட்டினர். அங்கே ஆவிகள் உலவுகின்றன என்றனர். ஆற்றுக்கு அடியில் கோயில் வரை செல்லும் சுரங்க வழி உண்டு என்றனர். பாழ்மனையைச் சுற்றிப் பேய்க்கதை பிறப்பது எந்நாட்டிலும் இயல்பு. உண்மை வரலாறு அக்கதைகளினும் வியப்பும் இரக்கமும் தருவதாகும்.

பல ஆண்டுகள் கழிந்த பின்னர் அம்மாளிகையின் அருமை உணரப்பட்டது. பேராக் மாநில அரசின் முயற்சியால் செடி கொடிகள் அகற்றப்பட்டன. சுவர்களைப் பிளந்த வேர்கள் களையப்பட்டன. தளர்ந்த பகுதிகள் செப்பனிடப்பட்டன. படிகளும் தளங்களும் காண்போர் ஏறிச் செல்வதற்கு ஏற்றவாறு சீர் செய்யப்பட்டன. 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்றின் சில காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டமையால் அதன் பெயர் மேலும் பரவியது. இன்று அது பயணிகள் பலர் நாடிச் சென்று காணும் இடமாக விளங்குகின்றது.

மாளிகையைச் செப்பனிட்டோர் ஒரு செயலில் நல்லறிவு காட்டினர். கட்டி முடிக்கப்படாத பகுதிகளைத் தம் விருப்பம்போல் முடித்து அழகு செய்ய அவர்கள் முயலவில்லை. நின்றதைக் காத்தனரே அன்றி, நில்லாததைப் புதிதாகப் படைக்கவில்லை. ஆதலின் பூச்சு இல்லாத செங்கற்சுவர்களை இன்றும் காணலாம். ஒவ்வொரு கல்லையும் அடுக்கிய கொத்தருடைய கைத்திறம் அங்கே திரையின்றித் தெரிகின்றது. மாளிகை நிறைவெய்தியிருந்தால் பளிங்கும் பூச்சும் அக்கைத்திறத்தை மறைத்திருக்கும்.

நிலைத்த பெயர்

கெல்லி ஸ்மித் வறிய நிலையில் வந்து, அயராத உழைப்பால் உயர்ந்தவர். ஒப்பந்தத் தொழிலில் கற்ற திறமையைத் தோட்டத் தொழிலிலும், தோட்டத்தில் ஈட்டிய பொருளை மாளிகையிலும் இட்டவர். தம் குடும்பத்தின்மேல் பேரன்பு கொண்டவர். அவருடைய செல்வம் பிறருடைய உழைப்பின்மேல் எழுந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. மாளிகைக்கு அவருடைய பெயர் வழங்குகின்றது. அதற்கு மண் சுமந்தவரும், சுண்ணாம்பு அரைத்தவரும், சாரத்தின் உச்சியில் நின்று கல் பதித்தவரும், நோய் வந்து மாண்டவரும் பெயர் தெரியாமல் மறைந்தனர்.

அவர் இரண்டு கட்டடங்களுக்குக் காரணமானார். ஒன்று, தம் பெயர் விளங்கத் தமக்கெனத் தொடங்கிய பெருமாளிகை. அதற்குப் பல ஆண்டு உழைப்பையும் பெரும்பொருளையும் அவர் செலவிட்டார், அது முடியவில்லை, அதில் எவரும் விளக்கேற்றி வாழவில்லை. மற்றொன்று, பிறர் துயர் கண்டு அவர்கட்கென எழுப்ப இசைந்த சிறு கோயில். அது முடிந்தது, அங்கே விளக்கு எரிந்தது, வழிபாடு நடந்தது. முதலாவதன் மதிலில் அவர் தம் பெயரை நிலைநிறுத்த விரும்பினார். இரண்டாவதன் முடியிலோ, அவர் கேளாமலே, மக்கள் அவர் உருவத்தை நிறுத்தினர்.

கோபுரத்தின் உச்சியில் ஏறி நிற்பவர்க்குக் கிந்தாப் பள்ளத்தாக்கின் பசுமையும், வளைந்து ஓடும் ஆறும், தொலைவில் சுண்ணாம்புக் குன்றுகளும் தெரியும். ஸ்மித் காண விரும்பிய காட்சி அது. மாளிகையைக் காணச் செல்வோர் அங்கே நின்று அக்காட்சியைக் கண்டு மகிழ்வர். திரும்பி இறங்கும்போது சுவரில் கை வைத்து, அச்செங்கற்களை அடுக்கிய பெயரறியாத தமிழ்க் கொத்தர்களையும் நினைப்பாராயின், அம்மாளிகையின் வரலாற்றை அவர் முழுமையாக அறிந்தவர் ஆவார்.